மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் வாயில் கெட்ட வார்த்தை: வீட்டில் எப்படித் திருத்துவது?

கேள்வி கேட்டவர்: அனுப்பானடி அம்மா

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மதுரை அனுப்பானடியில் கூட்டுக் குடும்பமாக வசிக்கிறோம். மாமனார், மாமியார், கணவர், மூன்றாம் வகுப்புப் படிக்கும் எட்டு வயது மகன், நான்கு வயது மகள், நான் என்று வீட்டில் ஆறு பேர். கணவர் மோட்டாருக்குக் காயில் (கம்பிச் சுருள்) கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். பட்டறை வீட்டின் முன்பக்கத்திலேயே இருப்பதால், அங்கே வேலை செய்கிறவர்களும் பழுதான மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களும் பேசுவதெல்லாம் கூடம் வரைக்கும் கேட்கும்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை என் நாத்தனார் குடும்பத்தோடு வந்திருந்தார். பிள்ளைகள் கூடத்தில் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். சிவப்புக் காயைக் குழியில் போட்ட என் மகன், அடுத்த காயைப் போட முடியாமல் சிவப்பைத் திரும்ப வைக்க வேண்டியதாயிற்று. உடனே ஸ்ட்ரைக்கரைப் பலகையில் ஓங்கி அடித்துவிட்டு, நாத்தனார் மகனைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னான். தாயைச் சேர்த்து இழிவாகச் சொல்கிற வார்த்தை அது. அந்தத் தாய், அதாவது என் நாத்தனார், இரண்டடி தள்ளி உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவர் கை அப்படியே நின்றுவிட்டது. ஒருவரும் பேசவில்லை. அந்த அமைதியில் என் நான்கு வயது மகள் அதே வார்த்தையை ராகம் போட்டு இரண்டு முறை சொன்னாள்.

முதலில் என் கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாத்தனாரின் முகத்தைப் பார்த்த பிறகுதான் எழுந்து வந்து மகன் முதுகில் ஓர் அடி வைத்தார். அதற்குள் என் மாமியார் அஞ்சறைப் பெட்டியிலிருந்து மிளகாய்த் தூளை எடுத்து வந்து அவன் உதட்டில் தேய்த்துவிட்டார். அவரையும் நான் குறை சொல்லவில்லை. அவர் தம் பிள்ளைகளை அப்படித்தான் வளர்த்திருக்கிறார். பிள்ளை துடித்துப்போய்விட்டான். அவன் உதட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது, நாத்தனார் சாப்பிடாமலேயே கிளம்பிப் போனது எனக்குத் தெரியவில்லை.

இரவு படுத்த பிறகு, விளக்கை அணைத்து வெகுநேரம் கழித்து, அவன் என்னிடம் கேட்டான்: "அம்மா, அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொருள் தெரியாமலேயே சொல்லியிருக்கிறான். தெரியாத ஒன்றுக்காக அடியும் வாங்கி, மிளகாயும் தின்றிருக்கிறான். "தூங்கு, காலையில் பேசலாம்" என்று சொல்லிவிட்டேன். நான்கு நாள்கள் ஆகிவிட்டன. இன்னும் பேசவில்லை, எப்படிப் பேசுவதென்றும் தெரியவில்லை.

பட்டறையிலிருந்து வந்ததா, பள்ளி வேனிலிருந்து வந்ததா, கைப்பேசி விளையாட்டிலிருந்து வந்ததா என்று இந்த நான்கு நாள்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த வார்த்தையின் பொருளை எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லலாமா? சொல்வதென்றால் எந்த அளவுக்குச் சொல்வது? மாமியார் மனம் நோகாமல் மிளகாயை நிறுத்தச் சொல்வது எப்படி? சின்னவளை என்ன செய்வது? அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.


பதில்: திருநகர் ஆசிரியை

அன்புச் சகோதரி, நான் அரசுத் தொடக்கப் பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். நீங்கள் எழுதியதில் எல்லாவற்றையும்விட முக்கியமானது, இரவில் உங்கள் மகன் கேட்ட கேள்விதான். தவறு செய்த பிள்ளை, அடி வாங்கிய அன்றே, அம்மாவிடம் பொருள் கேட்கிறான் என்றால் அவன் உங்களை நம்புகிறான். அந்தக் கேள்விக்கு இன்றிரவே பதில் சொல்லுங்கள். இன்னும் தள்ளிப்போட்டால், வேனில் வரும் ஆறாம் வகுப்புப் பையனிடம் போய்க் கேட்பான். அவன் சொல்லித் தருகிற விதம் நீங்கள் விரும்புகிற விதமாக இருக்காது.

முழு விளக்கம் வேண்டியதில்லை. "அது ஒருவருடைய அம்மாவை அசிங்கப்படுத்துகிற வார்த்தை. நீ அதைச் சொன்னபோது அத்தையைத்தான் அசிங்கப்படுத்தினாய். அதனால்தான் அவர் சாப்பிடாமல் போனார். உனக்குப் பொருள் தெரியாது என்று எனக்கு இப்போது தெரியும். இனிமேல் உனக்கும் தெரியும்." எட்டு வயதுக்கு இவ்வளவு போதும். அவன் மேலும் கேட்டால், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். சொல்லும்போது அழவும் வேண்டாம், குரலை உயர்த்தவும் வேண்டாம்.

பிள்ளைகள் ஒரு வார்த்தையை அகராதியிலிருந்து கற்றுக்கொள்வதில்லை. யார், எப்போது, எந்த முகத்தோடு சொன்னார்கள், சொன்னதும் சுற்றியிருந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதோடு சேர்த்தே கற்றுக்கொள்கிறார்கள். தோற்றுப்போகும்போது, கை நழுவும்போது, சுத்தியல் விரலில் படும்போது பெரியவர்கள் சொல்வது இது என்பதை உங்கள் மகன் சரியாகப் பிடித்திருக்கிறான். அந்த ஒரு வார்த்தையில் ஒரு வீடே அடங்கிப்போனதை உங்கள் மகளும் பார்த்துவிட்டாள். நான்கு வயதுப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய விளையாட்டுச் சாமான் கிடையாது. ஆகவே சின்னவளிடம் கண்டிப்பும் வேண்டாம், சிரிப்பும் வேண்டாம். அவள் சொன்னால் முகத்தில் ஒன்றும் காட்டாமல் வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள். முதல் சில நாள்கள் முன்பைவிட அதிகமாகச் சொல்வாள், உங்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சொல்வாள். அந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலான வீடுகளில் பொறுமை இழந்து அடித்துவிடுகிறார்கள். இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னால் பலன் உண்டு என்று பிள்ளை அதிலிருந்து தெரிந்துகொள்கிறது. வீட்டில் உள்ள ஆறு பேரில் ஒருவர் சிரித்தாலும் கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

பெரியவனுக்கு அப்படி விட்டுவிட முடியாது. அவன் சொன்னால் ஒவ்வொரு முறையும் ஒரே வாக்கியத்தை, ஒரே குரலில் சொல்லுங்கள். "இந்த வீட்டில் அந்த வார்த்தை இல்லை. கோபம் என்றால் கோபம் என்று சொல்." இதில் பின்பாதிதான் உயிர். கெட்ட வார்த்தையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒன்றும் வைக்காமல் போனால், கோபம் வருகிறபோது பிள்ளை வாயில் வேறு என்ன வரும்? "எனக்குக் கோபமாக வருகிறது, நான் ஆட மாட்டேன்" என்று சொல்லிப் பலகையைவிட்டு எழுந்து போக அவனுக்கு உரிமை வேண்டும். எழுந்து போனவனை யாரும் தோற்றாங்கோளி என்று கிண்டல் செய்யக் கூடாது. என் வகுப்பில் கோபம் வந்தவர்கள் கையைத் தூக்கிவிட்டுத் தண்ணீர்ப் பானைக்குப் போய் ஒரு குவளை குடித்து வரலாம் என்று வைத்திருக்கிறேன். வேண்டுமென்றே இரண்டு முறை போகிறவனும் உண்டு. அவன் யாரையும் வைவதைவிட அது எவ்வளவோ மேல்.

அபராத உண்டியல் வைக்கச் சொல்லிச் சிலர் உங்களுக்கு எழுதக்கூடும். என் வீட்டில் அதை வைத்துப் பார்த்தேன். ஒரு வார்த்தைக்கு இரண்டு ரூபாய். ஒரு மாதத்திற்குள் என் மகன் பத்து ரூபாயை முன்கூட்டியே போட்டுவிட்டு அக்காவை ஐந்து முறை வைதான். அபராதம் அவனுக்கு விலையாகிப் போயிருந்தது. அன்றே உண்டியலை எடுத்துவிட்டேன்.

அதற்குப் பதிலாக, புண்பட்டவரிடம் அவனையே போகச் சொல்லுங்கள். இழுத்துக்கொண்டு போய் நிறுத்தி, நாலு பேர் முன்னால் மன்னிப்புக் கேட்க வைக்க வேண்டாம். பொருள் புரிந்த பிறகு, அவன் தயாராக இருக்கும் நாளில், அத்தை வீட்டுக்கு அழைத்துப் போங்கள்.

அடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பள்ளியில் பிள்ளையை அடிப்பதையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. வீட்டுக்குள் அந்தப் பிரிவு வராது. ஆனால் பிரம்பைக் கீழே வைத்த பிறகும் நாங்கள் வகுப்பு நடத்திக்கொண்டுதான் இருக்கிறோம்; அடிக்குப் பயந்த பிள்ளை வகுப்பில் பேசாததை மைதானத்தில் போய்ப் பேசுவதைப் பிரம்பு இருந்த காலத்திலும் நான் கண்டிருக்கிறேன்.


பதில்: மேலூர் தமிழய்யா

ஓய்வுபெற்ற தமிழாசிரியன் நான். ஆசிரியை அம்மா சொன்னவை அனைத்தும் எனக்கு உடன்பாடு. வார்த்தைகளைப் பற்றி மட்டும் கொஞ்சம் எழுத விரும்புகிறேன், ஏனென்றால் 'கெட்ட வார்த்தை' என்று எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவதால்தான் பிள்ளைகள் குழம்புகிறார்கள்.

நம் முன்னோர் இதை நன்றாக யோசித்தவர்கள். அவையில் சொல்லத் தகாத சொல்லைத் தொல்காப்பியம் 'அவையல் கிளவி' என்கிறது. அதை மறைத்துச் சொல்ல வேண்டும் என்கிறது. நன்னூல் அதற்கு 'இடக்கரடக்கல்' என்று பெயர் வைத்தது. 'கால் கழுவி வந்தேன்' என்று சொல்கிறோமே, அதுதான் இடக்கரடக்கல். இதில் கவனிக்க வேண்டியது, அந்தச் செயலோ உறுப்போ கெட்டது என்று இலக்கணம் சொல்லவில்லை. இடம் பார்த்துப் பேசு என்றுதான் சொல்கிறது. திருக்குறளில் 969ஆம் குறள், கவரிமாவைச் சொல்வது, 'மயிர்' என்ற சொல்லோடுதான் தொடங்குகிறது. எந்த ஆண்டு எந்த வகுப்பில் அந்தக் குறளைப் படிக்கச் சொன்னாலும் படிக்கிற பையன் முதல் சீரிலேயே தடுமாறுவான், பின்வரிசை சிரிக்கும். நான் சிரிக்க விட்டுவிட்டு, பிறகு கேட்பேன்: "இந்தச் சொல் எழுதப்பட்ட அன்று நல்ல சொல்லாகத்தானே இருந்தது, இதைக் கெடுத்தது யார்?" அந்தக் கேள்விக்கு வகுப்பு அமைதியாகிவிடும். சொல்லை ஆளும் பொறுப்பு தங்களிடம் இருக்கிறது என்பது பிள்ளைகளுக்கு அப்போது புரியும்.

ஆகவே முதல் வகையான உடலுறுப்புப் பெயர்களைச் சொல்லிச் சிரிக்கிற ஐந்து வயதுப் பிள்ளையைக் குற்றவாளி போல நடத்த வேண்டாம். உறுப்புகளுக்குச் சரியான பெயரைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, அவற்றை எங்கே, யாரிடம் சொல்லலாம் என்பதையும் சொன்னால் போதும்.

இரண்டாவது வகை சாபங்கள். நம் மதுரைப் பக்கம் பெரியவர்கள் பலர் இவற்றைக் கெட்ட வார்த்தையாகவே எண்ணுவதில்லை. 'கட்டையில போவ', 'பேதியில போவ' என்று பேரனைப் பார்த்துச் சொல்கிற அப்பத்தாக்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். வாந்திபேதி ஊரையே வாரிக்கொண்டு போன காலத்தில் பிறந்த சாபம் அது. இன்று சொல்பவருக்கும் அந்தப் பொருள் மனத்தில் இல்லை, சில நேரம் அதில் கொஞ்சலும்கூட இருக்கும். ஆனால் கேட்கிற பிள்ளைக்கு 'வைதல்' என்பது அன்றாடப் பேச்சு என்ற பாடம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. அம்மா, உங்கள் மாமியாரிடம் மிளகாயைப் பற்றிப் பேசும்போது இதையும் மெல்லச் சொல்லுங்கள். அவரைத் திருத்துவதாகச் சொல்லாதீர்கள். "அத்தை, உங்கள் வாயைப் பார்த்துத்தான் இரண்டு பிள்ளைகளும் பேசப் பழகுகின்றன, நீங்கள் சொன்னால்தான் எடுபடும்" என்று பொறுப்பை அவரிடம் கொடுத்துப் பாருங்கள். பெரியவர்கள் கண்டிப்புக்குக் கட்டுப்பட மாட்டார்கள், பொறுப்புக்குக் கட்டுப்படுவார்கள்.

மூன்றாவது வகைதான் எனக்கு உறக்கத்தைக் கெடுப்பது. சாதியைச் சொல்லி வைவது. நம் ஊர்களில் சாதிப் பெயரையே வசையாகப் பயன்படுத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உறுப்பைச் சொல்லி வைத பிள்ளையை அடிக்கிற வீட்டில், சாதியைச் சொல்லி வைத பிள்ளையை ஒன்றும் சொல்லாமல் விட்டதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். எது பெரிய குற்றம் என்று அந்தப் பிள்ளை அன்று என்ன கற்றுக்கொண்டிருக்கும்? பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ பொது இடத்தில் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்துவது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். சட்டம் இருக்கிறது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. மற்ற வார்த்தைகள் அந்த நேரத்துக் கோபத்தோடு போய்விடக்கூடும். இந்த வார்த்தை, எதிரே நிற்கும் பிள்ளை பிறந்ததையே குற்றம் என்று சொல்கிறது. உங்கள் வீட்டில் இது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இந்தத் திரியைப் படிக்கிற மற்ற பெற்றோருக்காக எழுதுகிறேன். 'நொண்டி', 'குருடு' என்று கூப்பிடுவதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அரசுத் தாள்களில் 'மாற்றுத்திறனாளி' என்று வந்து எவ்வளவோ காலமாகியும் தெருவில் இன்னும் பழைய கூப்பாடுதான்.

கடைசியாக, தாயைச் சொல்லி வைவது. உங்கள் மகன் சற்றுப் பெரியவனானதும் அவனிடம் இதைக் கேளுங்கள்: சண்டை இரண்டு பையன்களுக்குள், இதில் அங்கே இல்லாத ஒரு பெண்ணை ஏன் இழுக்கிறார்கள்? பதினொன்றாம் வகுப்புப் பையன்களிடம் நான் இதைக் கேட்டிருக்கிறேன். ஒருவன்கூடப் பதில் சொன்னதில்லை. தலை மட்டும் குனியும்.


பதில்: குழந்தைகள் பிரிவுச் செவிலி

மிளகாய்த் தூளைப் பற்றி அவசரமாக எழுத வேண்டியிருக்கிறது. சகோதரி, அதை எப்பாடுபட்டாவது நிறுத்துங்கள். உதட்டு எரிச்சல் அதில் சிறிய பகுதிதான். அழுகிற பிள்ளை மூச்சை வேகமாக உள்ளே இழுக்கும். அப்போது தூள் மூச்சுக்குழாய்க்குள் போனால் குழாய் இறுகி மூச்சுத்திணறல் வரும். வீசிங் உள்ள பிள்ளைகளுக்கு அது உயிராபத்தாகவும் ஆகலாம். அதே கையால் பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொள்வதும் வழக்கமாக நடப்பது.

இப்படி நடந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மிளகாயின் காரத்துக்குக் காரணமான காப்சைசின் தண்ணீரில் கரையாது. ஆகவே உதட்டிலும் வாயிலும் பட்டதற்குப் பால் அல்லது தயிர் கொடுப்பதே பலன் தரும். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். மூச்சு இரைத்தாலோ இருமல் நிற்காவிட்டாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு வாருங்கள். மாமியாரிடம் 'தண்டிக்காதீர்கள்' என்று சொன்னால் ஏற்க மாட்டார் என்றால், மூச்சுக்குழாயைச் சொல்லுங்கள். பேரனின் மூச்சு என்றால் எந்த அப்பத்தாவும் கேட்பார்.

இன்னும் இரண்டு விஷயங்கள், அரிதாக நடப்பவை, ஆனாலும் பெற்றோர் தெரிந்துவைத்திருக்க வேண்டியவை.

சில பிள்ளைகள் கெட்ட வார்த்தையைத் தங்களை அறியாமல், அடக்க முடியாமல் சொல்வார்கள். கூடவே கண்ணை வெட்டி வெட்டி இமைப்பது, கழுத்தைச் சொடுக்குவது, தொண்டையைச் செருமிக்கொண்டே இருப்பது போன்றவையும் மாதக்கணக்கில் இருக்கும். இதற்கு டூரெட் நோய்க்குறி என்று பெயர். 1885ஆம் ஆண்டு அதை விவரித்து எழுதிய பிரெஞ்சு மருத்துவரின் பெயர் அது. அந்த நோய்க்குறி உள்ளவர்களிலும் நூற்றில் பத்துப் பதினைந்து பேருக்குத்தான் கெட்ட வார்த்தை வரும். அப்படிப்பட்ட பிள்ளையை அடித்தால், பதற்றத்தில் அது இன்னும் கூடும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்கள் மகனுக்கு அப்படி ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை. சந்தேகம் உள்ளவர்கள் அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டலாம்.

மற்றொன்று: மிகச் சிறிய பிள்ளை, தன் வயதுக்குத் தெரிந்திருக்க முடியாத பாலியல் விவரத்தோடு பேசினால், 'எங்கே கற்றுக்கொண்டாய்' என்று அதட்டாதீர்கள். அமைதியாக உட்கார வைத்து, யார் சொன்னார்கள், யார் காட்டினார்கள் என்று கேளுங்கள். அதட்டினால் வாய் மூடிக்கொள்ளும். அப்புறம் அந்தக் கதவு திறக்கவே திறக்காது. பெரியவர் யாராவது பிள்ளையிடம் தவறாக நடந்திருப்பார் என்ற ஐயம் எழுந்தால் 1098 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.


பதில்: வாடிப்பட்டி லேத் பட்டறை

நானும் பட்டறைக்காரன்தான் என்பதால் எழுதுகிறேன். இந்தத் திரியில் இதுவரை அப்பாக்கள் யாரும் பேசவில்லை.

பட்டறைப் பேச்சு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். நட்டு துருப்பிடித்துக் கழலாவிட்டால் நட்டையே வைவோம். அதில் யார் மேலும் கோபம் கிடையாது, மூச்சு விடுவது போல வந்துவிடும். சென்ற ஆண்டு என் மகள், ஏழாம் வகுப்புப் படிக்கிறாள், மதியச் சாப்பாடு கொண்டு வந்தவள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். "உள்ளே வா" என்றேன். "நீங்க பேசி முடிங்கப்பா, அப்புறம் வர்றேன்" என்றாள். நான் என்ன பேசிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே காதில் விழுந்தது. அவளுடைய அம்மா எத்தனையோ முறை சொல்லியும் உறைக்காத ஒன்று, அந்தத் தூக்குச்சட்டியோடு அவள் வெயிலில் நின்றதைப் பார்த்ததும் உறைத்தது. அன்றைக்கு அவளிடம் "தப்புதாம்மா" என்று சொன்னேன். பிள்ளையிடம் தப்பு என்று ஒப்புக்கொண்டால் மரியாதை போய்விடும் என்று நினைப்பவர்கள் ஒருமுறை செய்து பாருங்கள்.

உங்கள் கணவரிடம் நான் சொல்ல விரும்புவது, சிரித்ததும் அடித்ததும் ஒரே நிமிடத்தில் நடந்தது என்பதைத்தான். பிள்ளைக்கு எதை எடுத்துக்கொள்வது என்று தெரியாது. பட்டறையில் ஒரே நாளில் எல்லோரையும் மாற்ற முடியாது. நான் செய்தது, பிள்ளைகள் பள்ளி விட்டு வருகிற மாலை நாலரைக்கு மேல் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று வேலையாள்களிடம் கேட்டுக்கொண்டதுதான். முதலில் நான் தவறினேன், அவர்கள் எனக்கு ஞாபகப்படுத்தினார்கள். இன்றைக்கும் முழுக்க நின்றுவிடவில்லை; பாதிக்குப் பாதி குறைந்திருக்கிறது.

கைப்பேசி விளையாட்டையும் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியில் தடை செய்யப்பட்டது என்று பெற்றோர் பலர் நிம்மதியாக இருந்தோம். ஆனால் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் தொடர்ந்து கிடைத்தது, பிள்ளைகள் அதற்குப் போய்விட்டார்கள். ஆட்டத்தில் சுடுவதைவிட, உடன் ஆடுகிற முகம் தெரியாத ஆள்கள் ஒலிவாங்கியில் பேசுவதுதான் மோசம். இயர்போன் மாட்டிக்கொண்டால் நமக்கு ஒன்றும் கேட்காது, பிள்ளை காதில் இரண்டு மணி நேரம் வசை ஓடிக்கொண்டிருக்கும். ஆட்டத்தின் அமைப்புகளுக்குள் போய் ஒலிவாங்கியையும் குரலொலியையும் அணைத்துவிடலாம். இயர்போன் இல்லாமல் கூடத்தில் உட்கார்ந்து ஆடட்டும் என்று வைத்தாலே பாதி சரியாகும்.

அதுபோல இணையத் தொடர்கள். திரையரங்குப் படத்துக்குத் தணிக்கைச் சான்று உண்டு. இவற்றுக்கு அப்படி முன்கூட்டிய தணிக்கை கிடையாது. 2021ஆம் ஆண்டு வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, எந்த வயதுக்கு உரியது என்று 7+, 13+, 16+ போலக் குறித்துக் காட்ட வேண்டும். 13+ முதல் பெற்றோர் பூட்டுப்போடும் வசதியும் தர வேண்டும். அந்தப் பூட்டு எங்கே இருக்கிறது என்று நம்மில் பலர் தேடிப் பார்த்ததே இல்லை. நானும் மகளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.


அனுப்பானடி அம்மா (மூன்று வாரங்கள் கழித்து)

பதில் எழுதிய அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. நடந்தவற்றைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆசிரியை அம்மா எழுதிய அன்றிரவே மகனிடம் பேசினேன். ஏறக்குறைய அவர் எழுதியபடியே சொன்னேன். அவன் ஒன்றும் சொல்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். நான்கைந்து நாள்கள் கழித்து, கேட்காமலேயே, "அத்தை வீட்டுக்குப் போகலாமா" என்றான். அவன் அப்பாதான் வண்டியில் வில்லாபுரத்துக்கு அழைத்துப் போனார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றிருக்கிறான். அத்தை வெளியே வந்ததும், "நான் சொன்னது உங்களைன்னு எனக்குத் தெரியாது அத்தை" என்று சொல்லியிருக்கிறான். நாத்தனார் அவனை அணைத்துக்கொண்டு அழுததாகக் கணவர் வந்து சொன்னார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

மாமியாரிடம் மூச்சுக்குழாயைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க காலத்துல யாரும் இப்படிச் சொல்லித் தரலையே" என்றார். மிளகாய் நின்றுவிட்டது. சாபங்கள் நிற்கவில்லை, ஆனால் பாதியில் நிறுத்திக்கொள்கிறார். கணவர் பட்டறையில் நாலரை மணி விதியைக் கொண்டுவந்திருக்கிறார். இடையில் மகன் கோபத்தில் இரண்டு முறை பழைய வார்த்தையைச் சொன்னான். ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். மூன்றாவது முறை, வாய்வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு எழுந்து மொட்டைமாடிக்குப் போனான்.

சின்னவள் விஷயம்தான் இன்னும் தீரவில்லை. என் தம்பி உசிலம்பட்டியில் இருக்கிறான். வரும்போதெல்லாம் அவளை மடியில் உட்கார வைத்து அந்த மாதிரி வார்த்தைகளைச் சொல்லச் சொல்லி, அவள் மழலையில் சொல்வதைக் கைப்பேசியில் படமெடுத்துக் குடும்பக் குழுவில் போடுகிறான். எல்லோரும் சிரிப்புப் பொம்மை போடுகிறார்கள். தாய்மாமன், பிள்ளை மேல் உயிரையே வைத்திருக்கிறவன். கடுமையாகச் சொன்னால் மனம் உடைந்துவிடுவான். சித்திரைத் திருவிழாவுக்கு, அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை பார்க்க வருகிறான், நான்கு நாள் தங்குவான். என்ன செய்வது?


பதில்: திருநகர் ஆசிரியை

சகோதரி, மகன் மொட்டைமாடிக்குப் போனதைப் படித்து மனம் நிறைந்தது. இறங்கி வந்தவனிடம் அதைப் பற்றி ஒன்றும் பேசாமல் ஒரு தோசை வார்த்துக் கொடுத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தம்பி வருவதற்கு முன்பே கைப்பேசியில் தனியாகப் பேசுங்கள். திருவிழாக் கூட்டத்தில், எல்லோர் முன்னாலும் வேண்டாம். பிள்ளைகள் மடியிலும் திண்ணையிலும் சொல்லிப் பழகியதை முதல் வகுப்பில் வந்து சொல்வதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். வீட்டில் எல்லோரும் கைதட்டிய அதே வார்த்தைக்குப் பள்ளியில் மற்ற பிள்ளைகள் ஒதுங்கிப் போவார்கள். ஏன் என்று அந்தப் பிள்ளைக்குப் புரியாது, திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்கும். தம்பியிடம் அந்த விழிப்பைச் சொல்லுங்கள். உயிரை வைத்திருக்கிறவன் என்றால் அதுவே போதும். குழுவில் ஏற்கெனவே போட்ட படங்களையும் அழிக்கச் சொல்லுங்கள்; அவள் வளர்ந்த பிறகு யாரோ ஒருவர் அதை எடுத்துக் காட்டுவதை அவள் விரும்ப மாட்டாள்.


பதில்: மேலூர் தமிழய்யா

தாய்மாமனிடமிருந்து விளையாட்டைப் பறித்துவிட்டு வெறுங்கையோடு உட்கார வைக்காதீர்கள் அம்மா. நான்கு வயதுக்கு வார்த்தையின் ஓசைதான் இனிப்பு, பொருள் அல்ல. வல்லினம் தடதடவென்று வந்தால் எந்தப் பிள்ளையும் சிரிக்கும். 'ஓடுற நரியில ஒரு நரி கிழநரி', 'யார் தச்ச சட்டை, எங்க தாத்தா தச்ச சட்டை' என்று நாக்குப் புரளாத வாக்கியங்கள் நம்மிடம் எத்தனையோ இருக்கின்றன. அவற்றை வேகமாகச் சொல்லும்போது தம்பிக்கே நாக்கு சுழற்றிக்கொள்ளும். மாமன் தடுமாறுவதைப் பார்த்து அவள் சிரிக்கிற சிரிப்பு பழைய சிரிப்பைவிடப் பெரிதாக இருக்கும். எதிர்சேவைக்குக் காத்திருக்கிற இரவில் அதைச் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள். அதைப் படமெடுத்துக் குழுவில் போடட்டும்.